ஒற்றைச் சுழி

திவாகர் வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றேன். அழைப்பு மணியை மூன்று முறை அழுத்தினேன். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்து, வந்திருப்பது நான்தான் என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே நிற்க வைத்திருக்கிறான். விவாகரத்து ஆகி ஒன்பது மாதம் கழித்தும் அவன் புத்தி மாறவில்லை. என் புத்தியும்தான். நான் திருச்சி வெங்காய மண்டியில் ஏலம் கூவுகிறவள். "திவாகர், கதவைத் திறக்கிறியா, இல்ல தெருவைக் கூட்டட்டுமா?" என்று ஒரு குரல் விட்டேன். எதிர்வீட்டில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அதற்குப் பிறகுதான் இவன் கதவு திறந்தது.

"என்ன வேணும் அல்லி?"

"நீ துப்பணும்."

"என்னது?"

"மூணு வருஷமா உன் மூஞ்சியில துப்பணும்னு இருந்தேன். என் கெட்ட நேரம், நீ துப்பணும்னு கேட்டு வந்து நிக்கிறேன். உள்ள விடு."

சொல்லிவிட்டு ஓர் அட்டையை எடுத்து நீட்டினேன். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். பேனாவால் போடும் கையெழுத்தை எவன் வேண்டுமானாலும் போட்டுவிடலாம் என்று ஆன பிறகு, கரு சம்பந்தப்பட்ட எந்த ஆவணத்துக்கும் எச்சில்தான் கையொப்பம். அட்டையில் துப்பினால் துப்பியவரின் முத்திரை உடைந்து, பூட்டி வைத்த பதிவு திறக்கும். வேறு யார் துப்பினாலும் திறக்காது.

அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. தப்புச் செய்தவனுக்கு எது தப்பு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மகன் நவிலனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மூன்று வயது முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. காதை இனிமேல் சரிசெய்ய முடியாது என்று எல்லோரும் கைவிரித்த பிறகு, முந்தின நாள்தான் டாக்டர் சம்யுக்தாவிடம் போனேன். பிள்ளையை ஒரு மணி நேரம் சோதித்தார். உச்சந்தலையை ஏன் அவ்வளவு நேரம் தடவிப் பார்க்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"சுழி ரொம்ப அழகா இருக்கேம்மா. நடு மண்டையில கோலப்புள்ளி வச்ச மாதிரி," என்றார்.

"காதைப் பாருங்க டாக்டர்."

"காதைத்தான் பாக்குறேன். தலைமுடி எந்தப் பக்கம் சாயணும்னு சொல்ற மரபணு ஒண்ணு இருக்கு. நாங்க அதை மேய்ப்பன்னு சொல்லுவோம். ஆட்டை ஓட்டுற மாதிரி முடியை எல்லாம் ஒரு பக்கமா ஓட்டும். சுழி ஒண்ணா ரெண்டாங்கிறதுலயும் அதுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கு."

"சரி."

"காதுக்குள்ளயும் முடி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. சத்தம் வந்தா அசையும், அசைஞ்சாத்தான் நமக்குக் கேக்கும். அதெல்லாம் வரிசையா ஒரே பக்கம் பாத்து நிக்கணும். அங்கயும் இதே மேய்ப்பன்தான். ஒரு மரபணு, ரெண்டு வேலை. உங்க பையன் காதுல முடி இருக்கு, ஆனா திசைக்கு ஒண்ணா நிக்குது."

"அது எப்படி டாக்டர்?"

"சுழியை ஒத்தையாக்க யாரோ மேய்ப்பனை மாத்தியிருக்காங்க. அதுல ஒரு பாதி அம்மா குடுக்கிறது, ஒரு பாதி அப்பா குடுக்கிறது. ஒரு பாதியை மட்டும் மாத்தினா சுழி ஒத்தையாகும், காதுக்கு ஒண்ணும் ஆகாது. மாறாத பாதி காதைப் பாத்துக்கும். இவனுக்கு ரெண்டு பாதியும் மாறியிருக்கு."

நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். பட்டாணிச் செடியை வைத்துப் போடும் அந்தக் கணக்கை மூன்று வருடம் போட்டிருக்கிறேன். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. ஒரு பாதியை மாற்றியது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

அதை இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன். பிள்ளை வேண்டும் என்று நாங்கள் போன இடத்துக்குப் புதுக்கரு மையம் என்று பெயர். முட்டையில் என்ன திருத்த வேண்டும் என்று மனைவி ஒரு படிவம் நிரப்ப வேண்டும், விந்தில் என்ன திருத்த வேண்டும் என்று கணவன் இன்னொரு படிவம். தனித்தனி அறை, தனித்தனி முத்திரை. ஒருத்தர் எழுதியது இன்னொருத்தருக்குத் தெரியாது, தனியுரிமையாம். நிறத்தையும் உயரத்தையும் சர்க்கார் ஏற்கெனவே தடை செய்திருந்தது. மச்சம், பல்லிடுக்கு, சுழி மாதிரிச் சில்லறை விஷயங்களுக்கு மட்டும் அப்போது தடை இல்லை. "சுழி: ஒற்றை" என்ற கட்டத்தில் நான் டிக் அடித்தேன்.

என் அப்பாவுக்கு இரட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டி என்று ஊரில் கேலி பேசுவார்களே, அவர் அதை நிஜமாக்கிக் காட்டிய மகான். லால்குடியில் இன்னொரு குடும்பம். சொந்தக்காரர்கள் சுழியைச் சொல்லிச் சிரித்தார்கள், என் அம்மா சிரிக்கவில்லை. நான் கட்டிக்கொண்டவனுக்கும் இரட்டைச் சுழி. கல்யாண மேடையிலேயே அவன் நண்பர்கள், "அடுத்த பத்திரிகை எப்படா?" என்று கத்தினார்கள். சுழிக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். படித்தது பட்டாணி, நம்பியது சுழி. என்னை எதால் அடிப்பது?

டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பாதியைத் திருப்பினாப் போதும். காதுல மருந்து விட்டு ரெண்டு மாசத்துல முடியைத் திருப்பி நிக்க வச்சிரலாம். மூணு வயசுக்குள்ள ஆரம்பிச்சிரணும், அதுக்கப்புறம் அது இறுகிப்போயிரும். ஆனா எந்த இடத்துல, எப்படி மாத்தினாங்கன்னு குறிப்பு வேணும். அது முத்திரைக்குள்ள இருக்கு. இல்லாம நான் கை வச்சா இருக்கிறதும் கெட்டுப்போயிரும்."

"முத்திரையை உடைச்சா?"

"போன வருஷச் சட்டம் உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். நோய்க்காக இல்லாமல், மூடநம்பிக்கைக்காகக் கருவைத் திருத்தியவர் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அந்தப் பிள்ளை அவரிடம் வளர முடியாது. வளர்ப்புரிமையும் வந்து பார்க்கும் உரிமையும் போய்விடும். முத்திரையை உடைப்பதுதான் ஒப்புதல்.

"நீங்க எதுவும் கேட்டு எழுதினீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"நான் இல்ல டாக்டர்," என்றேன். கூசாமல் சொன்னேன். "அவராத்தான் இருக்கும்."

"ரெண்டு பாதி மாறியிருக்கும்மா," என்றார் மெதுவாக. "சரி, யாராவது ஒருத்தர் துப்புங்க. நாள் இல்ல." இரண்டு அட்டைகளை என் கையில் கொடுத்தார்.

ஒன்றைத்தான் திவாகர் மேசையில் வைத்தேன். டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன், என் பங்கை மட்டும் விட்டுவிட்டு. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடிந்ததும் நிமிர்ந்தான்.

"ஆமா, நான்தான் போட்டேன்," என்றான். "ஒத்தைச் சுழின்னு."

"அடப்பாவி! பெத்த பிள்ளை காதை அடைச்சுட்டு, எங்க வம்சத்துல செவிடுன்னு பஞ்சாயத்துல வச்சுச் சொன்னியே, உன் நாக்கு அழுகாதா?"

"இரு. ஒரு பாதி மாறினா காதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே."

"அதுக்கென்ன?"

"அப்ப இன்னொரு பாதி?" எழுந்து நின்றான். "அல்லி, இன்னொரு பாதி யாரு?"

எப்போதும் பேச்சுக்குப் பேச்சு பதில் வைத்திருக்கிறவள் பேசாமல் இருந்தால் அதுவே பதில்தான்.

"நீயும் போட்டிருக்க," என்றான். "நீயும் போட்டுட்டு, மூணு வருஷமா காது கேக்காத எங்க அத்தையைக் காட்டிக் காட்டி செவிட்டு வம்சம்னு பேசினே. எங்கம்மா அழுதுட்டுக் கோயில் கோயிலாப் போனாங்க. உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது! நேத்துதான் தெரியும்! சுழிக்கும் காதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

அதற்கப்புறம் நாங்கள் பேசியதை எல்லாம் எழுத முடியாது. அவன் என் மண்டித் தொழிலை இழுத்தான், நான் அவன் சம்பளத்தை இழுத்தேன். பாத்திரம் ஒன்று விழுந்தது, தள்ளியது யாரென்று நினைவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"நீ துப்பு," என்றேன். "பிள்ளை எங்கிட்ட இருக்கான். உனக்குப் போறது ஞாயித்துக்கிழமை மட்டும்தானே."

"எனக்கு இருக்கிறதே ஞாயித்துக்கிழமைதான்டி," என்றான். "ஆறு நாளும் அதுக்குத்தான் எந்திரிக்கிறேன். நீ தாய்தானே, நீ துப்பு."

"தாய்னா எல்லாத்தையும் விட்டுக் குடுக்கணும்னு எவன் எழுதி வச்சான்?"

"அப்ப உம் பாசம் அவ்வளவுதான்."

"உன் பாசத்தைப் பத்தி நீயே ஒரு கல்வெட்டு வெட்டிக்க!" என்று அட்டையை அவன் மேல் எறிந்துவிட்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் ஏறியதும் முதல் வேலையாக அவன் எண்ணைத் தடுப்புப் பட்டியலில் போட்டேன்.

துப்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ரோஷக்காரன், நாலு நாள் முறைத்துவிட்டு ஐந்தாம் நாள் போய்விடுவான் என்று கணக்குப் போட்டேன். தினமும் மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, "அப்பா வந்தாரா?" என்று கேட்டேன். சொல்ல முடியாது, தனியுரிமை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வாசலில் வந்து கூட்டிப்போனான், சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. தேதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பதினேழாம் நாள் நவிலனை மண்டிக்குக் கூட்டிப்போனேன். மூட்டை மேல் உட்கார வைத்துவிட்டு ஏலம் கூவினேன். பாதியில் திரும்பிப் பார்த்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் கூவுவது போலவே வாயை அகலத் திறந்து திறந்து மூடினான். கையைக்கூட என்னை மாதிரியே வீசினான். சத்தம் மட்டும் வரவில்லை. வியாபாரிகள் சிரித்தார்கள். ஒருவர், "சின்ன முதலாளி ஏலம் எடுக்கிறார்டோய்!" என்றார். அந்த மூட்டை ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

பிள்ளை என்னிடம் இருந்து, என் குரல் அவனுக்குக் கேட்காமலே போனால், அவன் எனக்கு இருந்து என்ன? நான் அவனுக்கு இருந்துதான் என்ன? மறுநாள் காலை பதினொரு மணிக்கு மருத்துவமனைப் படியேறினேன்.

அட்டையை வாய்க்கு நேராகப் பிடித்தால் எச்சில் வரவில்லை. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "மாங்காயை நினைச்சுக்கோங்கக்கா, உப்பு மிளகாய்த்தூள் போட்டு," என்றார். நினைத்தேன். துப்பினேன். அட்டை சிவப்பிலிருந்து பச்சையானது.

எழுத்தர் திரையைப் பார்த்து, "நல்லதுக்கா. ரெண்டு முத்திரையும் உடைஞ்சிருச்சு. மருந்து நாளைக்கே ஆரம்பிச்சிருவாங்க," என்றார்.

"ரெண்டா?"

"அப்பா காலையில எட்டு மணிக்கே வந்து துப்பிட்டுப் போயிட்டாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

"ஒண்ணு போதும்னாங்களே! அவர் துப்பினார்னு தெரிஞ்சா நான் எதுக்குத் துப்பப் போறேன்? ஏன்யா சொல்லல?"

"அவர் பதிவை உங்ககிட்ட நான் சொல்லக் கூடாதுக்கா. இப்ப உங்க முத்திரையும் உடைஞ்சிருச்சு, அதனால சொல்லலாம்," என்றார் அந்த ஆள், ரொம்ப ஒழுங்காக. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தடுப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஏழரை மணியிலிருந்து எட்டு வரை திவாகர் பதினொரு முறை அழைத்திருக்கிறான்.

இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதால் நவிலன் இரண்டு பேருக்கும் இல்லை. அன்று சாயங்காலமே குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஒரு அம்மா வந்தார். தன்மையானவர். "இல்லத்துல நல்லாப் பாத்துக்குவோம், மருந்தும் தவறாம நடக்கும்," என்றார். அவன் துணிமணியை மடித்து வைக்கும்போது, எந்தச் சட்டை எந்தப் பக்கம் கடிக்கும், எதைப் போட்டால் சொறிவான் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். நவிலன் வெளியூர் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு எனக்கும் செருப்பு எடுத்து வந்து போட்டான்.

ஏழு வாரம் கழித்துச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். பெற்றவர்களின் குரலையும் வைத்து அளக்க வேண்டுமாம், அதனால் நாங்கள் இரண்டு பேரும் வரலாம் என்று குழு அனுமதி கொடுத்திருந்தது. காது சோதிப்பவர் பெயர் செலின், சின்ன வயசுப் பெண். நவிலன் அறை நடுவில் பொம்மைகளோடு உட்கார்ந்திருந்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தான். நாங்கள் அவன் கண்ணில் படாமல் அவன் முதுகுக்குப் பின்னால், திரைக்கு இந்தப் பக்கம். ஒரு பெஞ்சில் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தோம்.

செலின் மணியடித்தார். அவன் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். கிலுகிலுப்பையை ஆட்டினார், தப்பட்டையைத் தட்டினார். கார் மட்டும்தான் உருண்டது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். நான் "நவிலா" என்றேன், பாதிக் குரல்தான் வந்தது. திவாகர் கூப்பிட்டான். ஒன்றுமில்லை.

"சில பேருக்கு இன்னும் நாள் ஆகும்," என்று செலின் காகிதத்தில் எதையோ எழுதினார்.

திவாகர் முன்னால் பார்த்தபடியே முணுமுணுத்தான். "பதினொரு தடவை கூப்பிட்டேன்."

"என்ன?"

"ஒரு தடவை எடுத்திருந்தா இன்னைக்கு அவன் உங்கிட்ட இருந்திருப்பான். நான் ஒருத்தனே போயிருப்பேன்."

"ஓஹோ, பழி என் மேலயா? பதினெட்டு நாள் என்னடா பண்ணிட்டிருந்தே? மொத நாளே துப்பித் தொலைச்சிருந்தா?"

"நீ எறிஞ்சிட்டுப் போன அட்டையைப் பொறுக்கி எடுக்கவே எனக்கு..."

"வாசலுக்கு வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போனேல்ல? ரெண்டு ஞாயிறு வந்தேல்ல? அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ மூஞ்சியைப் பாத்தியா? பாத்தியாடி என் மூஞ்சியை?" என்று கத்திவிட்டான்.

"கத்தாதே!" என்று நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன்.

கார் உருளும் சத்தம் நின்றது. திரை இடுக்கில் பார்த்தேன். நவிலன் திரும்பி உட்கார்ந்திருந்தான். எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு, வாய் திறந்தபடி. நாங்கள் அப்படியே அடங்கிப்போனோம். கொஞ்ச நேரம் பார்த்தான். சத்தம் போய்விட்டது என்று தெரிந்ததும் மறுபடி காரிடம் திரும்பினான்.

"நிறுத்தாதீங்க!" செலின் ஓடி வந்து திரையை விலக்கினார். "சார், மேடம், தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. பேசுங்க. சத்தம்னா திரும்பிப் பாக்கணும்னு இப்பத்தான் அவனுக்குப் புரியுது. ஒருத்தர் மாத்தி ஒருத்தர். நான் அளவு எடுக்கணும்."

"என்ன பேசுறது?" என்றான் திவாகர்.

"எதையாவது பேசுங்க சார்."

அவன் பேசியதும் நவிலன் அவனைப் பார்த்தான். செலின் பேசியதும் அவரைப் பார்த்தான். சண்டைக்கு ஆயிரம் வார்த்தை வைத்திருக்கும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், படிவம் நிரப்பிய அன்று ராத்திரி சோறு போடும்போதே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"நீ ஏன் அந்தக் கட்டத்துல டிக் போட்டே?"

நவிலன் என்னிடமிருந்து அவன் அப்பாவிடம் தலையைத் திருப்பினான். திவாகர் பிள்ளையைப் பார்த்தே பதில் சொன்னான்.

"கல்யாணம் ஆன புதுசுல தினம் காலையில எனக்குத் தலை சீவி விடுவ. ரெண்டாவது சுழி வெளிய தெரியாம முடியை இழுத்து இழுத்து மூடுவ. ஆசையாச் சீவுறேன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் கண்ணாடியில உன் மூஞ்சியைப் பாத்தேன். எம் பையன் எவ முன்னாடியும் அப்படித் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காரக் கூடாதுன்னுதான் போட்டேன்."

செலின் குனிந்து எண்களைக் குறித்துக்கொண்டார். "நல்லாக் கேக்குது. அப்பா குரல் முடிஞ்சுது," என்றார். "மேடம், இப்ப நீங்க."

நவிலன் என் பக்கம் திரும்பி, நான் பேசுவதற்காகக் காத்திருந்தான்.